தசமப் புள்ளி

ப்ளோவ்டிவ் சமவெளியில் ஜூலை.
பதினோரு நாளாக நாற்பது பாகைக்குக் கீழே இறங்காத பகல்.
ஸ்டாமெனின் கண்ணாடிக் குடிலில்
தக்காளிப் பூக்கள் காம்போடு உதிர்கின்றன.
தரையெல்லாம் கூட்டியள்ள மனம்வராத மஞ்சள்.

அவர் பெயருக்கு ஆங்கிலத்தில் மகரந்தத்தாள் என்று பொருள்.
ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்தாயிற்று.
அவருக்கு ஆங்கிலம் தெரியாது.
விடியுமுன்னே மின்சாரப் பல்துலக்கி ஒன்றோடு
வரிசை வரிசையாய் நடந்து
பூக்கொத்தின் கழுத்தில் வைத்து அதிரவிடுகிறார்,
குடிலுக்குள் வராத தேனீயின் வேலை.

"பூ இருக்கிறது, ருமியானா. தூளும் இருக்கிறது.
காய் எங்கே?"

பிளம் ஜாம் புட்டியைக் கழுவி
அதில் இருபது பூக்களை இட்டு
மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.

இரவு. நுண்ணோக்கி.
சர்க்கரையும் துளி போரானும் கலந்த சொட்டில்
மகரந்தத்தைத் தூவினால்
ஒரு மணிநேரத்துக்குள் குழல் புறப்படும்.
கண் கிடையாது, கால் கிடையாது,
நுனி மட்டும் உண்டு.
நுனியில் கொஞ்சம் தீ.

தீ என்று நான் சொல்வது
ஆக்ஸிஜனின் முன்கோபக்கார உறவினர்களை.
பெராக்சைடு, அதன் அண்ணன் தம்பிகள்.
சாயமிட்டால் பச்சையாய் ஒளிர்வார்கள்.
நல்ல நாளில் அந்தப் பச்சை
நுனியில் ஒரு பொட்டு.
வெயில் தின்ற மகரந்தத்திலோ
உடம்பெல்லாம் பச்சை.
குழல் பாதி வழியில் வீங்குகிறது,
வெடிக்கிறது,
உள்ளிருந்த வம்சம் முழுதும்
கண்ணாடித் தட்டில் சிந்திக் கிடக்கிறது.

அணைக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.
வெங்காயச் சருகில் உண்டு க்வெர்செடின்.
மகரந்தமும் தனக்கென்று அந்த இனத்தில்
கொஞ்சம் சேர்த்துவைக்கும்,
அடுப்பருகே வைத்த தண்ணீர்க் குவளைபோல.
நான் ஒரு துளி கூட்டினேன்.
அந்தச் சூட்டிலும் எழுந்தன குழல்கள்,
நூற்றுக்கு அறுபத்துமூன்று.
இரவு இரண்டு மணி, சொல்ல யாருமில்லை,
குளிர்பதனப் பெட்டியிடம் சொன்னேன்.

மறுநாள் அவசரத்தில்
ஒரு தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது.
பத்து மடங்கு.

தட்டு முழுக்க இருட்டு.
ஒன்றுகூட வெடிக்கவில்லை.
ஒன்றுகூட ஒளிரவில்லை.
உருண்டையாய், முழுசாய்,
படம்பிடித்து மாட்டலாம் என்னும்படி
ஆயிரம் மகரந்தம்
எங்கும் போகாமல்.

காயம் படாத மலடு.
நான் அதுவரை பார்த்ததில்லை.

"குப்பையில் போடு" என்றான் தேசிஸ்லாவ்.
குறிப்பேட்டில் 'பிழை' என்று எழுதினேன்.
மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்தச் சொல்லை அடித்தேன்.
பக்கத்தில் வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.
தீ மிஞ்சினால் வழி கருகும்.
தீயே இல்லையென்றால்
வழி என்று ஒன்று இருப்பதே நுனிக்குத் தெரியாது.
இதை அறிக்கையில் எப்படி எழுதுவது?

"சரி, எவ்வளவு தெளிக்கட்டும்?" என்றார் ஸ்டாமென்.
தட்டில் நடந்தது செடியில் நடக்குமா,
தெரியாது என்றேன்.
"வங்கிக்கு இதைச் சொல்லிப் பார்க்கிறேன்"
என்று பல்துலக்கிக்கு மின்கலம் மாற்றினார்.
நிழல்வலை கட்டினார். இரவில் கூரையைத் திறந்துவைத்தார்.

ஆகஸ்டு கடைசியில் மழை.
மூன்றாம் கொத்தில் ஒரே ஒரு பழம்,
ஒருபக்கம் கோணலாக.
குடில் வாசலில் பேனாக்கத்தியால் அறுத்தார்.
எண்ணினேன். பதினேழு விதை.
நூறுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.
பதினேழு குழல்கள் மட்டும்
எரிந்தும் எரியாமலும்
அந்த வெயிலில் கீழே இறங்கிப் போயிருக்கின்றன.

உப்புத் தூவிப் பாதியை நீட்டினார்.
"தின்னு. விதையை மட்டும் இந்தக் காகிதத்தில் துப்பு."

ஒன்று என் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது.
கை நீட்டியபடியே நின்றார்,
அது வரும்வரை.